கப்பல் கிடக்கட்டும், முதலில் மெஷின்!

திருகோணமலையின் பெயரைத் தாங்கிய பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஒன்று இருக்கிறது: எச்.எம்.எஸ். ட்ரிங்கோமலி. 1817 அக்டோபரில் பம்பாயில் வாடியா குடும்பத்தார் தேக்கில் கட்டி இறக்கியது. இங்கிலாந்தின் ஹார்ட்ல்பூலில் இன்றும் மிதக்கிறது. அதன் 1:64 மாதிரியை நீங்கள் உங்கள் மேஜையில் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். உடல் முடிந்தது, மூன்று பாய்மரமும் நட்டாயிற்று, கயிறு கட்டுவதுதான் பாக்கி. நல்ல செய்தி: இனி நீங்கள் கப்பலைத் தொடவே வேண்டாம்!

காரணம், சர்விங். நிஜக் கப்பலில் தடிக்கயிற்றை ஈரமும் உராய்வும் அரித்துவிடும். அதனால் புரிகளுக்கு நடுவிலுள்ள பள்ளங்களில் மெல்லிய கயிற்றை ஓட்டி, தார் பூசிய கித்தான் பட்டையைச் சுற்றி, அதற்கும் மேலே சிறுகயிற்றை இறுக்கி நெருக்கிச் சுற்றுவார்கள். ஒருவர் மரச் சுத்தியலால் இறுக்கிக்கொண்டே போக, இன்னொருவர் கயிற்றுருண்டையைச் சுழற்றிச் சுழற்றிக் கொடுப்பார். மாதிரிக் கப்பலுக்கு அதையே கயிற்றைச் சுழல விட்டு, தையல் நூலை அதன்மேல் ஏற்றும் ஒரு சின்ன மெஷின் செய்துவிடும். அது ரெடிமேடாகவும் விற்கிறது. வாங்கிவிடாதீர்கள். வாங்கினால் அடுத்த வாரமே கப்பலில் வேலை தொடங்கிவிடும்.

படி 1. வரைபடம் போடாதீர்கள். எல்லாம் மனசில் இருக்கிறது.

படி 2. இரண்டு பிளைவுட் பலகைகளை ஒரு அடிப்பலகையில் எதிரெதிரே நிறுத்துங்கள். இரண்டையும் சேர்த்துப் பிடித்து ஒரே தடவையில் துளை போட்டால் துளைகள் ஒரே உயரத்தில் அமைந்துவிடும். அந்த ஆபத்தைத் தவிர்க்க, ஒன்றை இன்றைக்கும் மற்றதை அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் துளையுங்கள். இரண்டாவதற்கு ஸ்கேல் எதற்கு? கண் இருக்கிறதே.

படி 3. இதுதான் மெஷினின் உயிர்நாடி, நிதானமாகக் கெடுக்க வேண்டிய இடம். கயிற்றின் இரு முனைகளும் ஒரே திசையில், ஒரே வேகத்தில் சுழல வேண்டும் என்பது விதி. அதற்காக அடியில் ஒரு நீளத் தண்டு ஓடும். அதன் இரு நுனியிலும் ஒரு பல்சக்கரம், ஒவ்வொன்றுக்கும் மேலே அதே அளவில் இன்னொன்று. ஆக, சம அளவில் நான்கு சக்கரம். நீங்கள் மூன்று வாங்குங்கள். நான்காவதாக 40 பல்லுக்குப் பதில் 38 பல் சக்கரம் ஒன்று பழைய பிரிண்டரில் கிடைக்கும். இரண்டு பல்தானே! தண்டு 19 சுற்று சுற்றினால் ஒரு முனை 19, மறுமுனை 20. ஆயிரம் சுற்றில் ஐம்பதுக்கும் மேல் இலவச முறுக்கு.

இது மிதமானவர்களுக்கு. துணிந்தவர்களுக்கு வேறு வழி உண்டு. படி 2-ஐ ஒழுங்காகப் பின்பற்றியிருந்தால் ஒரு பக்கம் துளை உயர்ந்துபோய்ச் சக்கரங்கள் ஒன்றையொன்று தொடாது. இடைவெளியில் மூன்றாவது சக்கரம் ஒன்றைச் செருகுங்கள். அந்த முனை உடனே எதிர்த்திசையில் சுழலத் தொடங்கும். கயிறு அரை நிமிடத்தில் முறுக்கிப் பிழிந்த முருங்கைக்காய் போல ஆகிவிடும். 'தண்டே வேண்டாம், மறுமுனையில் தூண்டில் ஸ்விவல் மாட்டினால் தானே சுற்றாதா' என்று கேட்கும் வாசகரே, நீங்கள் இந்தக் கட்டுரையைத் தாண்டிப் போய்விட்டீர்கள். இழுவையில் ஸ்விவல் பின்தங்கும், முறுக்கு ஏறும். வாழ்த்துகள்.

படி 4. கயிறு மாட்டும் அச்சுகள் குழாயாக இருந்தால் நீளக் கயிற்றை ஊடே விட்டு, பகுதி பகுதியாகச் சுற்றலாம். ஆகவே கெட்டிக் கம்பியை வளைத்துக் கொக்கியாக்குங்கள். பலகைகளுக்கு நடுவே 30 செ.மீ. தாராளம். பாய்மரத்தைப் பக்கவாட்டில் பிடித்து நிற்கும் ஷ்ரவுட் கயிறுகள் ஜோடியாக வருபவை. ஒரே கயிறு கீழிருந்து ஏறி, பாய்மரத் தலையை வளைத்து, மறுபடி கீழே இறங்கும். அதாவது நீங்கள் அளந்ததைப் போல் இரண்டு மடங்கு. இதைக் கடைசிப் பலகை ஒட்டிக் காய்ந்த பிறகு நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்.

படி 5. மோட்டார். வேகத்தைக் குறைக்கத் தையல் மெஷினின் கால் பெடல் இருந்தால் கை விடுபடும், நூலை வழிநடத்தலாம். எனவே பெடல் கூடாது. ரிச்சி தெருவில் கிடைக்கும் பொம்மை மோட்டாரை நேரடியாக இணைத்து, ஸ்விட்சை உங்கள் கைக்கு எட்டாத பக்கம் வையுங்கள்.

படி 6. கயிற்றின் தடிமன். 1794-ல் லண்டனில் டேவிட் ஸ்டீல் வெளியிட்ட நூலில் கப்பல் கயிறுகளின் அளவுகள் பட்டியல் பட்டியலாக உண்டு. அவை சுற்றளவுகள், விட்டம் அல்ல. 9 அங்குலம் என்றிருந்தால் 3.14-ஆல் வகுத்து, 64-ஆல் வகுத்தால் மாதிரியில் சுமார் 1.14 மி.மீ. முதல் வகுத்தலை விட்டுவிடுங்கள், 3.57 மி.மீ. கிடைக்கும். கொடிக்கயிறு வீட்டிலேயே இருக்கிறது.

படி 7. நூலை 'கொஞ்சம்' சுற்றி வைத்துக்கொள்ளுங்கள். 0.1 மி.மீ. நூலை 1.14 மி.மீ. கயிற்றில் நெருக்கிச் சுற்றினால் 10 செ.மீ.க்கு ஆயிரம் சுற்று, ஏறக்குறைய 4 மீட்டர் நூல். பாபினில் மூன்றரை மீட்டர் இருப்பது உத்தமம். முடிச்சு நட்டநடுவில், எல்லாரும் பார்க்கும் இடத்தில் விழும்.

படி 8. மேல்சுற்றைக் கயிற்றின் முறுக்குக்கு எதிராகச் சுற்றுவதுதான் மாலுமிகளின் வழக்கம். அப்போதுதான் நூல் புரிகளின் மேடுகளைக் குறுக்கே தாண்டிச் சீராக உட்காரும். நீங்கள் முறுக்கோடு சுற்றுங்கள். நூல் பள்ளங்களில் விழுந்து படுத்துக்கொள்ளும்.

படி 9. நுனியைப் பிடித்து வைக்க நீர் கலந்த வெள்ளைப் பசை ஒரு துளி போதும். அது காயும்வரை யார் காத்திருப்பது? சூப்பர் குளூவை முழு நீளத்துக்கும் ஓட்டுங்கள். கயிறு கம்பியாகும். அதைப் பாய்மரத் தலையில் வளைத்தால் படக்கென்று வரும் சத்தம் பசை நன்றாக இறங்கியிருப்பதற்குச் சான்று.

படி 10. ஷ்ரவுட்களில் முன்னால் இருப்பது மட்டுமே முழு நீளமும் சுற்றப்படும், ஏனென்றால் பாய் உரசுவது அதில்தான். மற்றவற்றுக்குத் தலையில் வளையும் இடமும், கீழே கயிற்றை இழுத்துக் கட்டும் மர வட்டைச் சுற்றும் இடமும் போதும். ஆனால் மெஷின் செய்த கை சும்மா இருக்குமா? எல்லாவற்றையும் சுற்றுங்கள். கப்பிக்குள் ஓட வேண்டிய கயிறுகளையும் விடாதீர்கள். அவை இனி கப்பிக்குள் நுழையாது, ஆகவே அந்த வேலையும் மிச்சம்.

இதற்குள் யாராவது கப்பல் எப்போது முடியும் என்று கேட்டிருப்பார்கள். மெஷினைக் காட்டுங்கள். இரண்டாம் மாடலுக்கான திட்டத்தையும் காட்டுங்கள்: பேரிங், பித்தளை அச்சு, சுற்று எண்ணும் மீட்டர்.

படி 11. கடைக்கயிறு உங்கள் மெஷினின் தரத்துக்குப் பொருந்தாது என்பது இப்போது புலப்படும். ஆகவே அடுத்தது, கயிறு திரிக்கும் மெஷின். இங்கிலாந்தின் சாத்தம் துறைமுகக் கயிற்றுச்சாலை 346 மீட்டர் நீளம், அங்கே இன்றும் கயிறு திரிக்கிறார்கள். மலைக்காதீர்கள், நாம் 1:64-ல் வேலை செய்பவர்கள். 5.4 மீட்டர் போதும். உங்கள் ஹாலில் சோபாவை எடுத்துவிட்டால் சரியாக வரும். இன்றிரவே டேப் வைத்து அளந்துவிடுங்கள். சோபா எங்கே போகும் என்பதை வீட்டில் நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.