ஞாயிற்றுக்கிழமை வேலை

கே: நீந்தி முடித்ததும் சைக்கிள், சைக்கிளை விட்டதும் ஓட்டம்... ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக இந்த டிரையத்லான்காரர்களுக்கு வேறு வேலையே இல்லையா?
— வாசகர், அரூர்

ப: மற்ற ஆறு நாளும் வேலை இருப்பதால்தானே ஞாயிற்றுக்கிழமை! 1978-ல் ஹவாயின் ஓவாஹு தீவில் முதல் ‘அயர்ன்மேன்’ போட்டி: 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், 42 கிலோமீட்டர் ஓட்டம். இறங்கியவர்கள் 15 பேர், முடித்தவர்கள் 12 பேர். ஈரக்காலை ஷூவுக்குள் திணித்து நாடாவை இழுக்கிற நொடிகளையும் கடிகாரம் விட்டுவைப்பதில்லை, அதுவும் கணக்கில் சேரும். இதையா வேலையில்லாதவர் வேலை என்கிறீர்கள்?

விடியற்காலையில் தீர்த்தமலை சாலையில் ஹெல்மெட்டும் சைக்கிளுமாக யாராவது போனால், ஹாரன் அடித்து மிரட்டாமல் கொஞ்சம் இடம் விட்டு ஓட்டுங்கள்.