நடுவில் ஒரு ஐபீஸ்

கே: 1200 மி.மீ. குவியத்தூரமுள்ள தொலைநோக்கி, 25, 6 மி.மீ. ஐபீஸ்கள் கைவசம். நடுவில் எதை வாங்கலாம்?
– வாசகர், அல்லிநகரம்.

ப: 12 மி.மீ. யோசிக்காமல் வாங்குங்கள். குவியத்தூரத்தை ஐபீஸ் அளவால் வகுத்தால் உருப்பெருக்கம். 25 தருவது 48 மடங்கு, 6 தருவது 200, நடுவே பெரும்பள்ளம். 12 வந்தால் 100. சனியின் வளையம் பளிச்சென்று தெரியும். பார்வைப்புலம் 60 பாகை என்றால் முழுநிலாவும் உள்ளே அடங்கும். உங்கள் ஊர் ஆடிக்காற்றில் 200 மடங்கு வைத்தால் சனி பகவானே நுரைகட்டிய ரசம்போலத் தளதளப்பார். 100 ஓரளவு தாங்கும்.

கையைக் கடித்தால் இரண்டு மடங்கு பார்லோ போதும், 25-ஐ 12.5 ஆக்கிவிடும். அதே பார்லோ 6-ஐ வைத்து 400 மடங்கும் தரும், மச்சானிடம் பீற்றிக்கொள்ள மட்டும்!

வடிகட்டியில்லாமல் சூரியன் பக்கம் திருப்பாதீர்கள். அந்த வேலையைக் கொடைக்கானல் ஆய்வகம் 1901 முதல் பார்த்துவருகிறது.