கோறணமேந்துக் கோழி

1943இல் ஆபிரகாம் மாஸ்லோ என்ற அமெரிக்கர் மனிதனுடைய தேவைகளைப் படிப்படியாக அடுக்கினார். சோறும் தண்ணீரும் அடியில், அதற்கு மேலே பாதுகாப்பு, பிறகு அன்பு, பிறகு மதிப்பு, உச்சியில் தன்னை உணர்தல். பாவம், அவர் யாழ்ப்பாணத்துக் கலியாணத் தரகர் ஒருவரையும் சந்தித்ததில்லை. சந்தித்திருந்தால் ஐந்து படி தேவைப்பட்டிராது. இங்கே இரண்டே படி: கோறணமேந்து (அரசாங்க) உத்தியோகம், அதற்கு மேலே பென்சன். தன்னை உணர்வதெல்லாம் பென்சன் எடுத்த பிறகு நல்லூர்த் தேர்முட்டியடியில் இருந்து ஆறுதலாகப் பார்த்துக்கொள்ளலாம்.

"கோழி மேய்ச்சாலும் கோறணமேந்தில மேய்க்க வேணும்" என்பது குடாநாட்டுச் சொலவடை. ஊழியர் நலம், பணிப் பாதுகாப்பு, தொழில் முன்னேற்றம் என்று பல்கலைக்கழகங்கள் மூன்று பாடமாக இழுப்பதை எங்கள் ஆச்சிமார் ஒரு வரியில் முடித்துவிட்டார்கள். மேய்க்கிறவனுக்குக் கோழியைப் பிடிக்குமா என்ற கேள்வி பாடத்திட்டத்தில் இல்லை.

இந்தப் பாடத்துக்கு முதல் பள்ளிக்கூடம் கட்டிக்கொடுத்தவர்கள் அமெரிக்கர்கள். தெரியாமல்தான். 1823இல் அமெரிக்க மிஷன் வட்டுக்கோட்டையில் ஒரு செமினரியைத் தொடங்கியது. டானியல் பூவர் அதிபர். இங்கிலீசு, தமிழ், கணிதம், வானசாஸ்திரம் என்று அள்ளி ஊட்டினார்கள். மிஷனாரின் திட்டம், படித்தவன் ஊர் ஊராகப் போய்ச் சுவிசேஷம் சொல்லுவான். படித்தவனின் திட்டம், இங்கிலீசு வந்துவிட்டது, அரசாங்கக் கச்சேரிக்கு எந்தப் பக்கத்தால் போவது? முப்பது வருஷம் கழித்து மிஷன் தலைமையகத்திலிருந்து ரூபஸ் அன்டர்சன் வந்து பார்த்தார். பரலோக ராச்சியத்துக்கு ஆள் பிடிக்கப்போய், விக்டோரியா மகாராணிக்கு ஆள் சேர்த்துக் கொடுத்திருக்கிறோம் என்று விளங்கியது. 1855இல் செமினரிக்குப் பூட்டு.

பழுது மட்டும் சொல்லக்கூடாது. அங்கே படித்த இருவர்தான் 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகள்: கறோல் விசுவநாதபிள்ளையும் சி.வை. தாமோதரம்பிள்ளையும். தாமோதரம்பிள்ளை சென்னையில் அரசாங்கக் கணக்குக் கந்தோரில் உத்தியோகம் பார்த்தார். பகலில் பேரேடு, மிச்ச நேரத்தில் செல்லரித்த ஏடு. ஓய்வு பெற்ற பிறகு, 1887இல் கலித்தொகையை அச்சில் கொண்டுவந்தார். சங்கத்தமிழுக்கு வெள்ளைக்காரன் கொடுத்த பென்சன் செய்த கைங்கரியத்தை எங்கள் மேடைகளில் யாரும் சொல்வதில்லை.

யாழ்ப்பாணக் கச்சேரியில் அந்தக் காலம் அரசாங்க அதிபராக இருந்தவர் பேர்சிவல் அக்லண்ட் டைக். 1829இல் வந்தவர், இடையில் சிறிது காலம் நீங்கலாக, 1867இல் சாகும்வரை கதிரையை விட்டு எழும்பவில்லை. வடக்கின் ராசா என்றே பெயர். தொழில் முன்னேற்றம் பற்றி அவருக்குக் கீழே இருந்த கிளாக்கர்மாருக்குத் தனி வகுப்பு வேண்டியிருந்திருக்காது. மேலே இருப்பவர் போனால்தான் இடம் வரும். போனாலும் வருவது இன்னொரு வெள்ளைக்காரர்.

ஆகவே கப்பல் ஏறினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் மலாயா தண்டவாளம் போட்டுக்கொண்டிருந்தது. இலங்கையில் வேலை பார்த்துவிட்டு அங்கே போன ஸ்பூனர் என்ற பொறியியலாளருக்கு யாழ்ப்பாணத்தானைத் தெரியும்: இங்கிலீசு வரும், கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும், வெள்ளைக்காரனைவிட மலிவு. கிளாக்கர், ஸ்டேசன் மாஸ்டர் என்று ஆட்கள் போனார்கள். இதில் பெரிய பகிடி, கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ரயில் வந்ததே 1905இல்தான். தன் ஊரில் தண்டவாளத்தைக் காணாதவன் மலாயாக் காட்டில் பச்சைக்கொடி காட்டிக்கொண்டு நின்றான்.

பணியிடப் பாதுகாப்பா? 1894 செப்டம்பர் 17ஆம் திகதி தெலுக் அன்சன் பக்கத்தில் ஒரு கொம்பன் யானை தன் கூட்டத்தைக் காப்பாற்ற ஓடிவந்து ரயிலை முட்டித் தடம்புரட்டி, தானும் செத்தது. அதற்கு அங்கே நினைவுப் பலகை நட்டிருக்கிறார்கள். மலேரியாவில் போன மனிதருக்கெல்லாம் பலகை நட வெளிக்கிட்டிருந்தால் மலாயாவில் ஒரு மரம் மிஞ்சியிராது.

நுளம்பு, தனிமை, துரையின் ஏச்சு. இதற்கெல்லாம் இன்று ஆலோசகர் வைக்கிறார்கள். அன்று மருந்து இரண்டு. ஒன்று, கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் நல்லூரைப் பார்த்துக் கட்டிய கந்தசுவாமி கோயில். மற்றது, ஊருக்கு அனுப்பும் மணியோடர். அந்த மணியோடரில் கல்வீடு எழும்பியது, தங்கச்சிமாருக்குச் சீதனம் சேர்ந்தது. கடைசியில் 'மலாயன் பென்சனியர்' என்ற பட்டத்தோடு ஆளும் வந்து சேர்ந்தார். குடை, செருப்பு, பின்னேர உலாத்தல். ஒழுங்கையில் அவரைக் கண்டால் சைக்கிளில் போகிறவன் இறங்கி நடப்பான். ஆனால் பழைய துரையின் பெயரைச் சொல்லிப் பாருங்கள், சாய்மனைக் கதிரையிலிருந்து தன்னை அறியாமல் எழும்பி நிற்பார்.

உண்மையான ஆபத்து அப்போதெல்லாம் கந்தோரில் இல்லை, கிணற்றடியிலும் பனையிலும் இருந்தது. செம்மண் தோட்டத்துக்கு இறைக்க ஒருவர் துலாவின் மேல் முன்னும் பின்னும் நடக்க வேணும். கால் தவறினால் கீழே கிணறு. சீவல் தொழிலாளி காலில் தளைநாரை மாட்டி, இடுப்பில் பாளைக்கத்தியோடு விடிய ஒருதரம் பின்னேரம் ஒருதரம் ஏறுவார். அவருக்கு லீவு இல்லை, இன்கிறிமென்ற் என்ற வருடாந்தச் சம்பள உயர்வு இல்லை, பென்சன் இல்லை. ட்ரான்ஸ்பர் உண்டு, ஒரு பனையிலிருந்து அடுத்த பனைக்கு. சாதி அவரைப் பிறந்த அன்றே நிரந்தரமாக நியமித்துவிட்டது, பதவி உயர்வு மகனுக்கும் கிடையாது. அவர் இறக்கிய கள்ளை உறிஞ்சிக்கொண்டே "கந்தோரில சரியான பிரஷர்" என்று கிளாக்கர் புலம்புவார். 1972இல் சீவல் தொழிலாளருக்குக் கூட்டுறவுச் சங்கம் வரும்வரை எங்கள் நலக் கோட்பாடு பனையை அண்ணாந்து பார்க்கவே இல்லை.

கிளாக்கரின் புலம்பலும் முழுப் பொய் இல்லை. 1967இல் லண்டனில் ஏறத்தாழ 18,000 ஆண் அரசாங்க ஊழியரைப் பின்தொடரத் தொடங்கினார்கள். மைக்கல் மார்மொட் முதலானோர் அதைப் பற்றி எழுதினார்கள். எல்லாருக்கும் நிரந்தர வேலை, பென்சன். அப்படியிருந்தும் அடிப்படியில் இருந்தவர்களின் இறப்பு வீதம் உச்சிப்படியைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. 1985இல் தொடங்கிய அடுத்த ஆய்வு, தன் வேலையில் தனக்குப் பிடி இல்லாதவருக்கு இருதய நோய் கூடுதலாக வருவதைக் காட்டியது. கோழி எங்கே மேயலாம் என்று வேறொருவன் தீர்மானித்தால் மேய்க்கிறவனுக்கு நெஞ்சு நோகும்.

அந்தப் பிடி யார் கையில் என்பது 1956இல் தெரிந்தது. யாழ்தேவி ரயில் ஓடத் தொடங்கியதும், சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய சட்டம் வந்ததும் அந்த ஒரே வருஷம். கொழும்புக் கந்தோருக்குப் போகச் சுகமான ரயில், போனவனை இருக்க விடாத சட்டம். தமிழ் உத்தியோகத்தர் சிங்களப் பரீட்சை எழுத வேண்டும், இல்லாவிட்டால் இன்கிறிமென்ற் நின்றுவிடும். ஐம்பது வயதில் பிள்ளைகள் நித்திரையான பிறகு அரிச்சுவடி திறந்தவர்கள் உண்டு. அவர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை.

கேகாலைக் கச்சேரியில் செல்லையா கோடீஸ்வரன் என்ற கிளாக்கர் பரீட்சை எழுதமாட்டேன் என்றார். இன்கிறிமென்ற் 1962இல் நின்றது. அவர் வழக்கு வைத்தார். தரகரின் கணக்கில் இது சுத்தப் பைத்தியம். என் கணக்கில், கோறணமேந்து வரலாற்றில் தன் வேலையைத் தன் பிடிக்குள் வைத்திருந்த மனிதர் அவர்.

1964இல் கொழும்பு மாவட்ட நீதிபதி டி கிரெட்சர், மொழிச் சட்டம், சிறுபான்மையினருக்குப் பாதகமான சட்டங்களைத் தடுக்கும் அரசியலமைப்பின் 29ஆம் பிரிவுக்கு மாறானது என்று தீர்த்தார். 1967இல் உயர் நீதிமன்றம், அரச ஊழியர் சம்பளத்துக்காக முடிக்கு எதிராக வழக்கே வைக்க முடியாது என்றது. சம்பளமே வழக்கிட்டுக் கேட்க முடியாத ஒன்று என்றால், இத்தனை தலைமுறையாக எதை நம்பிச் சீதனம் கொடுத்தோம் என்று மாமனார்மார் யோசித்திருக்க வேண்டும். 1969இல், அப்போது கடைசி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில், வழக்கு வைக்கலாம், மொழிச் சட்டம் செல்லுமா என்பதை இலங்கையில் உயர் நீதிமன்றமே பார்க்கட்டும் என்று திருப்பி அனுப்பியது. 1971இல் பிரிவி கவுன்சிலுக்குப் போகும் வழி அடைபட்டது. 1972இல் புது அரசியலமைப்பு வந்தது, 29ஆம் பிரிவு போனது. கோடீஸ்வரனின் கேள்விக்கு உயர் நீதிமன்றம் கடைசிவரை பதில் சொல்லவில்லை.