திருகவும் அழுத்தவும்

கேள்வி: அழுத்து சுவிட்ச் உள்ள ரோட்டரி என்கோடர்கள் படத்தில் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. மலிவானதை வாங்கினால் என்ன?

பதில்: பெண் பார்க்கப் போட்டோ போதும் என்பவரா நீங்கள்? என்கோடரை முகம் பார்த்து வாங்கக்கூடாது, பார்ட் நம்பர் பார்த்து வாங்க வேண்டும். போர்ன்ஸ் நிறுவனத்தின் பிஈசி11ஆர்-4215எஃப்-எஸ்0024 என்பதில் 15 என்பது தண்டின் நீளம், மில்லிமீட்டரில். எஃப் என்றால் ஒரு பக்கம் தட்டையான தண்டு. 24 என்பது ஒரு சுற்றுக்கான பல்ஸ். நடுவில் உள்ள எஸ்தான் சுவிட்ச். அந்த இடத்தில் ‘என்’ என்ற எழுத்து இருந்தால் சுவிட்சே கிடையாது. எவ்வளவு அழுத்தினாலும் விரல்தான் வலிக்கும். பெயரில்லாத சரக்கில் இந்த எழுத்துகள் இல்லை. ஒரு சொடுக்குக்கு ஒரு முழுப் பல்ஸா, அரைப் பல்ஸா என்பதுகூட வாங்கிய பிறகுதான் தெரியும். மெனுவில் ஒரு வரி நகர இரண்டு சொடுக்கு திருகுகிறவர்களின் கதை இதுதான்.

‘அதையெல்லாம் புரோகிராமில் சரிசெய்யலாமே’ என்பீர்கள். தொடுமுனை அதிர்வையும் சொடுக்குக் கணக்கையும் சரிசெய்யலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பேனல் துளைக்கு எட்டாத தண்டைப் புரோகிராம் எழுதி நீட்ட முடியாது. ஒரே ஒரு புராஜெக்ட், அதுவும் கற்றுக்கொள்ளத்தான் என்றால் கேஒய்-040 என்ற மலிவான மாட்யூலைத் தாராளமாக வாங்குங்கள். ஆனால் பல பலகைகளில் சுவிட்ச் காலுக்கான புல்-அப் ரெசிஸ்டரை வைக்காமலே விற்கிறார்கள். ஆர்டுவினோவில் உள்ளேயே இருக்கும் புல்-அப்பை இயக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் யாரும் தொடாமலே சுவிட்ச் தன்னைத்தானே அழுத்திக்கொள்ளும்.