அடையாள அட்டைக் காவலர்

அடையாள அட்டைக் காவலர் திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் தாராளமாகக் காணக்கிடைக்கும் ஒரு மனித வகை. உட்துறைமுக வீதி, கச்சேரிச் சுற்றாடல், மூதூர்ப் படகு புறப்படும் ஜெட்டி ஆகியவை இவரது வாழிடம். வயது பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியிருக்கும். ஓய்வூதியமும் எடுப்பவராயின் குணங்கள் முற்றிவிட்டன என்று கொள்ளலாம்.

அட்டை பிளாஸ்டிக் உறைக்குள், உறை பர்சுக்குள், பர்ஸ் உட்பைக்குள், உட்பைக்கு மேலே ஓர் ஊசி. பேரப்பிள்ளை கேட்டாலும் தொடவிடமாட்டார். இலக்கம் மட்டும் பொதுச்சொத்து. வங்கியில் அலுவலர் மெதுவாகக் கேட்பார். இவரோ துறைமுகத்தில் நங்கூரமிட்ட கப்பலுக்கும் கேட்கும்படி ஒப்பிப்பார்.

அந்த இலக்கம் வாயாடி. பழைய அட்டையில் ஒன்பது இலக்கங்களும் ஓர் எழுத்தும் உண்டு. முதல் இரண்டும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணாயின் நாளுடன் 500 கூட்டப்படும். 64ஐயும் 045ஐயும் கேட்டவருக்கு, சொன்னவர் 1964 பெப்ரவரி 14இல் பிறந்த ஆண் என்பது விளங்கிவிடும். 2016 முதல் வழங்கப்படும் பன்னிரண்டு இலக்க அட்டையில் ஆண்டு நான்கு இலக்கமாகவே நிற்கிறது, கணக்குப் போடும் சிரமமும் இல்லை. தலைக்குச் சாயம் பூசி வயதை மறைப்பவர், வரிசையில் நிற்கும் இருபது பேருக்கும் அதைத் தம் வாயாலேயே அறிவிக்கிறார்.

கொப்பி விடயத்தில் இவர் வள்ளல். எதற்கும் இருக்கட்டும் என்று ஐந்து கொப்பிகளுடன்தான் வீட்டை விட்டு இறங்குவார். சிம் வாங்க ஒன்று, நண்பரின் லீசிங்குக்குப் பிணை நிற்க ஒன்று, கேட்காதவருக்கும் ஒன்று. கடையில் மங்கலாக விழுந்த பிரதியைக் கூடையில் போட்டுவிட்டு வருவார். அது பழைய கடுதாசிக் கட்டோடு சேர்ந்து கச்சான் சுருளாகிக் கடற்கரைக்கு வந்தாலும் வியப்பதற்கில்லை. தெருவில் விழுந்ததை நகருக்குள் உலாவும் புள்ளிமான்கள் தின்றுவிடுவதுண்டு. இப்பகுதியில் தனிப்பட்ட தகவலை ஒழுங்காக அழிப்பவை அவை மட்டுமே.

2022 ஜூலையில் எரிபொருளுக்குக் கியூஆர் முறை வந்தபோது காவலர் தமது குறியீட்டை லமினேற் செய்து மோட்டார் சைக்கிளின் முன்பக்கம் தொங்கவிட்டார். அப்போது கிழமைக்கு நான்கு லீற்றர்தான். நம்பர் பிளேட்டைப் பார்க்காத ஷெட்டில், அந்த நான்கும் வேறொருவரின் தாங்கிக்குள் போய்விட, குறியீட்டின் படமே போதுமாயிருந்தது.

இவரது சந்தேகப் புத்தி ஊரறிந்தது. வங்கிக்கு நேரில் போனால், எதற்காகக் கேட்கிறீர்கள் என்று அலுவலரைக் குறுக்குவிசாரணை செய்வார். அதே வங்கியின் பெயரைச் சொல்லித் தொலைபேசியில் ஒரு குரல் வந்தால் குழைந்துவிடுவார். குரல் முதலில் இவரது அடையாள அட்டை இலக்கத்தைச் சொல்கிறது, பிறகு பிறந்த திகதியை. இவ்வளவும் தெரிந்தவர் வங்கிக்காரராகத்தானே இருக்கவேண்டும்! உடனே கைபேசிக்கு வந்த ஆறு இலக்க ஓடிபியை வாசித்துக் காட்டுகிறார். விளங்கவில்லை என்றால் இன்னொரு தடவையும் வாசிப்பார், “ஓம் தம்பி, எழுதிட்டீங்களா?” என்ற அன்பான விசாரிப்புடன். அஞ்சல் திணைக்களத்தின் பெயரில் பார்சல் வந்திருப்பதாக வரும் போலிக் குறுஞ்செய்தியிலும் இதே கதைதான். கனடாவில் மகன் இருக்கும்போது பார்சல் வராமல் இருக்குமா?

உட்பையின் ஊசி அன்றைக்கும் கழன்றதில்லை.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் தரவைக் கையாளும் நிறுவனங்களைக் கட்டுப்படுத்த வந்தது. வரிசையில் நின்று கத்துபவரை அல்ல. காவலர் தாமே செய்யக்கூடியவை சில உண்டு. இலக்கத்தை எழுதிக் காட்டலாம். கொப்பியின் குறுக்கே என்ன தேவைக்கு, யாருக்கு என்று திகதியுடன் எழுதிக் கொடுக்கலாம். தம் பெயரில் வேறு எவரும் கடன் எடுத்திருக்கிறார்களா என்று கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையை எடுத்துப் பார்க்கலாம். ஓடிபியை எந்த வங்கியும் தொலைபேசியில் கேட்பதில்லை. கேட்பவர் எவராயினும் அழைப்பைத் துண்டித்துவிடுங்கள்.