தக்காளி நீரும் ரொட்டியின் மானமும்

இரண்டு ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே எதையாவது வைப்பது கலை ஆகாது. வைத்தது வாய் போய்ச் சேரும்வரை ரொட்டி ரொட்டியாகவே இருக்கிறதா என்பதே வினா. வீட்டில் இத்தாலியப் பாணி சாண்ட்விச் செய்யப் புகுவோர் பெரும்பாலும் இவ்வினாவை எழுப்புவதில்லை. சட்டையில் விழும் கறைதான் எழுப்புகிறது.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது கப்ரேசே வகை: தக்காளி, மொசரெல்லா சீஸ், பேசில், ஆலிவ் எண்ணெய், உப்பு. ஐந்தே பொருள், இதில் கெட்டுப்போக என்ன இருக்கிறது என்பது பூர்வபட்சம். மறுப்பு வருமாறு: தக்காளியின் எடையில் சுமார் 94 சதவீதம் நீர். புதிய மொசரெல்லாவிலும் பாதிக்கு மேல் நீரே. ஆக, சாண்ட்விச் செய்வதாக நம்புகிறவர் உண்மையில் ஒரு சிறு குளத்துக்குக் கரை கட்டிக்கொண்டிருக்கிறார்.

பேசில் பற்றி ஓர் இடைக்குறிப்பு. அது நம் திருநீற்றுப்பச்சிலைதான். துளசி அதற்கு உறவு மட்டுமே. மாடத்துத் துளசியைக் கிள்ளிப் போட்டால் கஷாய மணம் வரும்.

கரைக்கு ஏற்ற ரொட்டி சியாபட்டா என்பர் ஒரு சாரார். தட்டையாக, உள்ளே பெரிய பெரிய துளைகளோடு இருக்கும் அதைப் பார்த்தால் ரோமானியப் படைவீரர்கள் தின்றிருப்பார்கள் என்றே தோன்றும். அவ்வளவு வயதில்லை. வெனெட்டோ மாநிலத்து ஆத்ரியாவில், ரொட்டித் தொழிலில் இருந்த கார்ப் பந்தய வீரர் அர்னால்டோ கவல்லாரி 1982இல் உருவாக்கியது. சாண்ட்விச்சுக்குப் பிரெஞ்சு பகெட்டையே எல்லாரும் வாங்குகிறார்களே என்ற கவலைதான் காரணம். இத்தாலி கால்பந்து உலகக் கோப்பையை வென்றதும் அதே ஆண்டு. எது பெரிய வெற்றி என்பதில் கருத்து வேற்றுமைக்கு இடமுண்டு.

ஈரமே குற்றம் என்று இங்கேயே முடிவு கட்டியிருக்கலாம். ஃபிளாரன்ஸ் நடுவில் புகுந்து கெடுக்கிறது. அங்கே தெருவண்டிகளில் விற்கும் லாம்ப்ரெதோத்தோ என்பது மாட்டின் நான்காம் இரைப்பையை வேகவைத்து ரொட்டியில் வைத்துத் தருவது. கேட்டால், மேல் ரொட்டியை இரைப்பை வெந்த சாற்றிலேயே முக்கியும் தருவார்கள். வெனிஸில் புகழ்பெற்ற திராமெட்சினோ சாண்ட்விச்சுக்கோ ஓரம் நீக்கிய மெத்தென்ற வெள்ளை ரொட்டி. காய்ந்துவிடாமல் ஈரத்துணி போர்த்தி வைப்பதும் உண்டு. நனைய விடாமல் பதறுகிறவர்களும் வேண்டுமென்றே நனைக்கிறவர்களும் ஒரே நாட்டில்!

முரண்பாடு மேலோட்டமானதே. ஃபிளாரன்ஸ்காரர் நனைத்த ரொட்டியை வண்டியருகே நின்றபடியே தின்று முடிக்கிறார். வெனிஸ்காரர் ரொட்டியில் மயோனைஸ் பூசிவிடுகிறார். கொழுப்பு நீரை எளிதில் கடக்க விடாது. எனவே குற்றவாளி ஈரமன்று, தாமதமே என்க.

வீட்டுக்கு இதனால் பெறப்படுவது: தக்காளியை அரிந்து, உப்புத் தூவி, வடிதட்டில் கால்மணி நேரம் விட வேண்டும். உப்பு நீரை வெளியே இழுத்துவிடும். மொசரெல்லாவைப் பிய்த்துத் துணியில் ஒற்ற வேண்டும். ரொட்டியின் வெட்டிய முகத்தை மட்டும் வாட்டி எண்ணெய் தடவினால் போதும். சீஸ் ரொட்டியை ஒட்டி, தக்காளி நடுவில். பால்சாமிக் வினிகரையும் ஊற்றலாமே என்று ஆசை எழும், அடக்குக. சலாமி, ஹாம், ஆலிவ், உலர்தக்காளி எல்லாவற்றையும் ஒரே ரொட்டியில் குடியேற்றி அதற்குக் ‘கூர்மே’ என்று பெயர் சூட்டுவதும் விலக்கத்தக்கது. மொர்தடெல்லா என்ற இறைச்சியின் ஊரான பொலோஞாவில் ரொட்டிக்குள் அதை மட்டும் வைத்துத் தின்பவர்கள் எதையும் இழந்ததாகத் தெரியவில்லை.

மூடிய உடனே தின்றுவிட வேண்டும். படமெடுத்து நண்பர்களுக்கு அனுப்ப விரும்புவோர் அதற்கென்று தனியாக இன்னொன்று செய்துகொள்ளட்டும்.