பந்தயம் மாறிய கிராஞ்சி

சிங்கப்பூரின் கிராஞ்சியில் கடைசிக் குதிரைப் பந்தயம் 2024 அக்டோபர் 5ஆம் தேதி ஓடி முடிந்தது. பணம் கட்டும் பழக்கம் மட்டும் ஓயவில்லை. பிள்ளைகளின் தேர்வுகள் மேல் ஏறிக்கொண்டது.

ஆக்ஸ்ஃபர்ட், லண்டன் யுசிஎல் போன்ற இடங்களில் சட்டம் படிக்க எல்நாட் என்ற நுழைவுத் தேர்வு எழுதவேண்டும். 95 நிமிடத்தில் 42 கேள்விகள், பிறகு 40 நிமிடத்தில் ஒரு கட்டுரை. சட்டம் ஒரு வரிகூடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, பத்தியைப் படித்து யோசித்தால் போதும் என்கிறார்கள். மனப்பாடம் பண்ண ஒன்றுமே இல்லாத தேர்வா? நம் பெற்றோருக்குக் கைகால் ஓடவில்லை. சொந்தமாக யோசிப்பதற்கும் டியூஷன் வைத்துவிட்டார்கள். அங்கே சொந்தக் கருத்துகளை அச்சடித்தே கொடுக்கிறார்களாம். அந்தக் கட்டுரைக்கு எல்நாட் மதிப்பெண்ணே போடாது, பல்கலைக்கழகம்தான் படித்துப் பார்க்கும் என்பதை யாரும் கேட்பதாயில்லை.

கிராஞ்சி எம்ஆர்டி நடைமேடையில் தேசிய சேவைச் சீருடையில் ஒரு பையன், தோளில் மூட்டை, கைபேசியில் பயிற்சித் தாள். அம்மா அழைக்கிறார்.

“தம்பி, தப்பாப் போட்டா மார்க் குறைப்பாங்களா?”

“இல்லம்மா.”

“அப்ப எதுக்குடா யோசிச்சிட்டு இருக்க?”